லூயி லூயி: அவன் அப்படி என்னதான் பாடுறான்?

சார் வணக்கம்,

போன வாரம் கராஜ் ராக் (கார் ஷெட்ல பசங்க கூடி வாசிக்கிற மாதிரி கரடுமுரடான ராக்) பத்தி எழுதினப்ப, கிங்ஸ்மென்ங்கற அமெரிக்க பேண்ட் பாடின ‘லூயி லூயி’ பாட்டை ரெண்டு வரியில தாண்டிப் போயிட்டீங்க. ஆபீஸ்ல ஒரு நண்பர் அது முழுக்க கெட்ட வார்த்தைப் பாட்டு, எஃப்பிஐ விசாரணையே நடந்துச்சுன்னு அடிச்சு சொல்றார். ஹெட்போன் மாட்டி பத்து தடவை கேட்டுட்டேன், ‘லூயி’ தவிர ஒரு மண்ணும் புரியல. கிட்டார்ல மூணே மூணு கார்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு), நடுவுல கத்தல். இதுக்கு ஏன் இவ்ளோ பேச்சு?

சரவணன்

சரவணன்,

பத்து தடவைதானே கேட்டீங்க, எஃப்பிஐ ரெண்டரை வருஷம் கேட்டுச்சு, அவங்களுக்கும் புரியல. ஸ்பீடை மாத்தி மாத்தி லேப்ல ஓட்டிப் பாத்துட்டு, என்ன பாடுறான்னே சொல்ல முடியலன்னு ஃபைலை மூடிட்டாங்க. உங்க காதுல ஒரு கோளாறும் இல்ல.

நண்பர் சொன்னதுல விசாரணை உண்மை, கெட்ட வார்த்தை பொய். எழுதினவர் ரிச்சர்ட் பெர்ரி, லாஸ் ஏஞ்சல்ஸ்ல பாடிட்டிருந்த கறுப்பினப் பாடகர். 1955ல ஒரு லத்தீன் பேண்டோட மேடை ஏறக் காத்திருந்தப்ப அவங்க கியூபா இசைக்காரர் ரெனே தூஸேவோட ஒரு சா-சா-சா நடன இசையை வாசிச்சாங்க, அந்த ஆரம்பத் தாளம் மனுஷன் மண்டையில ஒட்டிக்கிச்சு, கைக்குக் கிடைச்ச பேப்பர்ல வரிகளை எழுதிட்டார் (டாய்லெட் பேப்பர்னு ஒரு கதை உண்டு). விஷயம் ரொம்ப சாது. கப்பல்காரன் ஒருத்தன் பார்ல உக்காந்து, ஜமைக்காவுல எனக்காக ஒருத்தி காத்திருக்கா, நான் கெளம்பணும்னு புலம்புறான். லூயிங்கறது காதலி இல்ல, எதிர்ல சரக்கு ஊத்திக் கொடுக்குறவன்!

1957ல ரெக்கார்டோட பின்பக்கமா வந்துச்சு, ஓரளவுக்கு ஓடுச்சு, அடங்கிருச்சு. கல்யாணச் செலவுக்குக் காசு வேணும்னு 1959 வாக்குல இதையும் இன்னும் சில பாட்டையும் சேத்து உரிமையை 750 டாலருக்கு வித்துட்டார்.

அப்புறம் பாட்டு வடக்க வாஷிங்டன், ஓரிகான் பக்கம் போயிருச்சு. டகோமா ஊர்ல வெய்லர்ஸ் பேண்டோட ராக்கின் ராபின் ராபர்ட்ஸ் 1961ல முரட்டுத்தனமா ஒண்ணு பாடி விட, அந்த ஏரியா பசங்க எல்லாரும் ஜூக்பாக்ஸ்ல காசு போட்டுப் போட்டு கத்துக்கிட்டாங்க. போர்ட்லண்ட் கிங்ஸ்மென்ல பாடின ஜாக் ஈலி மத்தவங்களுக்கு சொல்லிக் கொடுக்கறப்ப அடியைத் தப்பா சொல்லிட்டார். வெய்லர்ஸ்ல நாலு அடி விழுற எடத்துல இவர் மூணுதான் வச்சார். இன்னிக்கு உலகமே டட்டட்டா, டட்டான்னு தட்டுறது அந்தத் தப்பைத்தான்.

1963 ஏப்ரல்ல ரெக்கார்டிங், செலவு அம்பது டாலர் சுமாருக்கு. மைக்கை ஆளுக்கு மேல உயரத்துல தொங்க விட்டிருந்தாங்க, ஈலி பல்லுக்குக் கம்பி கட்டியிருந்தார், முந்தின ராத்திரி வேற இதே பாட்டை ஒன்றரை மணி நேரம் நிறுத்தாம பாடித் தொண்டை கட்டியிருந்துச்சு. இத்தனையோட கழுத்தைத் தூக்கிக் கத்தினா வார்த்தை எங்கேர்ந்து புரியும்? ஒரே டேக், அதையே ரிலீஸ் பண்ணிட்டாங்க.

புரியாத எடத்தையெல்லாம் காலேஜ், ஸ்கூல் பசங்க ஆசைக்கு நிரப்பி, துண்டுச் சீட்டுல எழுதி கைமாத்தி விட்டாங்க. அதுல ஒண்ணு ஒரு அப்பா கைல சிக்க, அவர் அமெரிக்க அரசோட தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடிக்கே லெட்டர் போட்டார். இண்டியானா கவர்னர் ஆபாசம்னு சொல்லி ரேடியோல போடாதீங்கன்னார். பாட்டு அதுக்குள்ள பில்போர்டு ஹிட் பாட்டுப் பட்டியல்ல ரெண்டாவது எடம் வரைக்கும் ஏறியாச்சு. இதுல எனக்குப் பிடிச்ச காமெடி, எஃப்பிஐ பெர்ரியைப் பாத்தாங்க, பேண்ட்ல இருந்தவங்களைக் கேட்டாங்க, வாயைத் திறந்து பாடின ஈலியை மட்டும் கேக்கவே இல்ல. அவர் அப்ப பேண்ட்லயே இல்ல. பேண்ட் பேர் டிரம்மர் லின் ஈஸ்டன் பக்கம் பதிவாகியிருந்துச்சு, இனிமே நான்தான் பாடகர்னு அவர் சொன்னதும் ஈலி வெளியேறிட்டார், டிவியில ஈலி குரலுக்கு ஈஸ்டன் வாயசைச்சார். இன்னொண்ணு, 54வது செகண்டு பக்கம் டிரம் குச்சி தடுமாறி ஈஸ்டன் பின்னாடி நிஜமாவே ஒரு கெட்ட வார்த்தை கத்துறார்னு சொல்வாங்க. விசாரிச்சவங்க அதைக் கோட்டை விட்டுட்டாங்க!

பெர்ரி பத்தி கேட்டீங்கன்னா, 1980கள்ல அரசாங்க உதவிப் பணத்துல அம்மா வீட்ல இருந்தார். ஒரு குளிர்பான மது கம்பெனிக்கு விளம்பரத்துல இந்தப் பாட்டு வேணும், அவர் கையெழுத்து இல்லாம நடக்காதுன்னு வக்கீல் தேடிட்டு வர, அங்க ஆரம்பிச்சு உரிமையில ஒரு பங்கு திரும்பக் கிடைச்சு, கடைசி காலத்துல லட்சக்கணக்குல டாலர் வந்துச்சு. 1997ல போயிட்டார். எனக்கு இந்தப் பாட்டுல ஏதாவது அசிங்கமா படுதுன்னா அந்த 750 டாலர்தான்.

பதினோராவது தடவை கேக்கறப்ப வார்த்தையைத் தொரத்தாதீங்க. கிட்டார் சோலோ முடிஞ்சு, ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, ஈலி அவசரப்பட்டு முன்கூட்டியே பாட ஆரம்பிச்சுட்டு, ஐயோன்னு நிறுத்திடுவார், ஈஸ்டன் டிரம்ஸை உருட்டி அந்த ஓட்டையை அடைப்பார், அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஈலி மறுபடி ஆரம்பிப்பார். நான் அந்த ரெண்டு செகண்டுக்குத்தான் இதைப் போட்டுக் கேக்கறேன்.