நடிகர் முகம் போதும், கெட்டிலை வரையச் சொல்லுங்கள்

கேள்வி: மகள் பிளஸ் டூ படிக்கிறாள், உயிரியல் குரூப். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். சொந்தக்காரர்களோ, “கோயமுத்தூரில் விஸ்காம் சேர்த்துவிடு, இரண்டும் ஒன்றுதான்” என்கிறார்கள். படம் வரைவது சோறு போடுமா? அவள் வரைந்த ஆறு படங்களை இணைத்திருக்கிறேன்.
– ஒரு தந்தை, கோத்தகிரி

பதில்: சோற்றுக் கணக்கைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த ஆறு படங்கள். ஆறும் நடிகர்களின் முகம். ஆறும் செல்போனைப் பார்த்துக் கட்டம் போட்டு வரைந்தவை. அழித்த கட்டக்கோடு இரண்டில் இன்னும் தெரிகிறது. இமை மயிர் ஒவ்வொன்றாக இருக்கிறது, காது மட்டும் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொறுமை உண்டு, கை சுத்தம். ஆனால் கேமரா ஏற்கெனவே தட்டையாக்கிக் கொடுத்ததைத்தான் பிரதி எடுத்திருக்கிறாள். சேர்க்கைக்கான செய்முறைத் தேர்வில் போன் கிடையாது.

ஸ்டூல் மேல் ஒரு டீக் கெட்டில், இரண்டு வெங்காயம், பின்னால் மடிப்பு விழுந்த ஒரு துண்டு. இவ்வளவு போதும். உங்கள் ஊர் மூடுபனி வெளிச்சத்தில் பொருளுக்கு நிழலே விழாது. ஜன்னலோரம் உட்கார்ந்து ஷேடிங் பழகினால் எல்லாம் ஒரே சாம்பலாகத்தான் வரும். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, இடதுபுறம் இரண்டடி தள்ளி ஒரே ஒரு பல்பு வையுங்கள். முதல் பத்து நிமிடம் ஷேடிங் கூடாது. கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலை நகர்த்தி, கெட்டிலின் உயரத்துக்கு அகலம் எவ்வளவு என்று அளக்கட்டும். முழங்கை மடங்கினால் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு கணக்கு சொல்லும்.

பெரும்பாலும் சறுக்குவது கெட்டிலின் வாயில்தான். இரண்டு ஓரமும் எலுமிச்சம்பழம் போலக் கூராகிவிடும். அது வளைந்து திரும்ப வேண்டிய இடம். அடிப்பாகத்தை நேர்கோடாகப் போடுவது அடுத்த தப்பு. மேலிருந்து பார்க்கும்போது, கண்மட்டத்துக்குக் கீழே போகப்போக வட்டம் அதிகமாக விரிந்து தெரியும். அதனால் அடியின் வளைவு வாயின் வளைவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். முதல் உருவக்கோடுகளுக்கு எச்பி பென்சில், நடுத்தர நிழலுக்கு 2பி, 4பி, ஆக இருட்டான இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் கடைசியில் 6பி. ஒரு படத்துக்கு 45 நிமிடம், அலாரம் அடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். மாலையில் பஸ் ஸ்டாண்டில் நின்று ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று பத்து ஸ்கெட்ச். தேயிலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்கும் அக்காவின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தாளில் தெரிந்தால் போதும். மூக்கு முழி வேண்டாம்.

விஸ்காம் என்று ஊரில் சொல்வது பி.எஸ்சி. விஷுவல் கம்யூனிகேஷன், மூன்று ஆண்டு. கேமரா, எடிட்டிங், விளம்பரம், செய்தி என்று ஊடகம் முழுவதையும் தொட்டுப் போகும். வரைதல் அதில் ஒரு மூலை. கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. என்ற கவின்கலை இளங்கலைப் பட்டம், நான்கு ஆண்டு, நாளின் பெரும்பகுதி ஸ்டுடியோவில். அங்கேயும் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன் என்று ஒரு பிரிவு இருப்பதால்தான் உங்கள் சொந்தக்காரர்களுக்குக் குழப்பம். பிளஸ் டூவில் எந்த குரூப் என்பது தடையில்லை. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

இப்போது சோறு. அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலையை மனதில் வைத்திருந்தால், 2012-இல் பகுதிநேர ஆசிரியர்களாக எடுக்கப்பட்டவர்கள் மாதம் 5,000 ரூபாயில் தொடங்கி, பணி நிரந்தரம் கேட்டுப் போராடி வந்த கதையையும் படித்துவிடுங்கள். கல்லூரியில் பாடம் நடத்த எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் பட்டமும், கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் காட்சிக்கலைத் தாளும் வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் உறைவிடப் பள்ளிகளில் கலை ஆசிரியர் இடம் உண்டு, ஆனால் எண்ணிக்கை சொற்பம். மற்றபடி விளம்பரம், பேக்கேஜிங், அனிமேஷன், சினிமா கலைத்துறை, திருப்பூர், கரூர் ஜவுளி டிசைன். எல்லோரும் ஓவியப் பிரிவுக்கே முட்டி மோதுவார்கள். டெக்ஸ்டைல் பிரிவையும் அவள் ஒருமுறை யோசிக்கட்டும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் எம்பிராய்டரி உங்கள் மாவட்டத்துச் சொத்து. துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகப் போடுகிறார்கள். தோடர்கள் வாழும் ஒரு மந்துக்கு, அதாவது அவர்கள் குடியிருப்புக்குப் போய், அனுமதி கேட்டு உட்கார்ந்து, அந்த எண்ணிக்கையைக் கட்டத்தாளில் குறித்து வந்தால், ஆறு நடிகர்களைவிட அந்த ஒரு தாள் போர்ட்ஃபோலியோவில் அதிகம் பேசும்.

ஐப்பசி மழையில் டிராயிங் தாளை அலமாரியில் சும்மா வைக்காதீர்கள். ஈரத்தில் தாளின் பசைப்பூச்சு கெட்டு, வாட்டர்கலர் தொட்டதும் மை ஒற்றும் தாள் போல உறிஞ்சிவிடும். பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, சுவரை ஒட்டாமல் வையுங்கள். நீர்த்த வண்ணத்தைப் பரப்பும் முதல் வாஷ் காய உங்கள் ஊரில் நேரமாகும்; அவசரப்பட்டு இரண்டாவதைப் போட்டால் காலிஃபிளவர் மாதிரி திட்டு விழும்.

தேர்வுக்கு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். குளிரில் பழகிய கை அங்கே வியர்க்கும், 6பி முழுவதும் உள்ளங்கையோடு வந்துவிடும். கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வைத்து வரைய இப்போதிருந்தே பழகட்டும். தேர்வன்று முதல்முறையாகச் செய்தால், அந்தத் தாளே நழுவி நிழலை இழுத்துவிடும்.