மண் மூடுவதற்குள் அளந்தீர்களா? எரிவாயுக் குழாய் ஜிஐஎஸ் (கணினி வரைபடத் தரவு): கேள்வி-பதில்

கோவைத் தரவைச் சென்னைத் தரவோடு சேர்த்தால் குழாய்கள் எங்கோ போய் விழுகின்றன. மென்பொருள் கோளாறா?

மென்பொருளைப் பழிப்பதற்கு முன் யுடிஎம் மண்டலத்தைப் பாருங்கள். யுடிஎம் என்பது பூமியைத் தீர்க்கரேகைப் பட்டைகளாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை. கோவை, திருப்பூர், ஈரோடு 43-இல் இருக்கின்றன. சென்னை, திருச்சி, சேலம் 44-இல். இரண்டையும் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை கரூருக்குச் சற்று மேற்கே போகிறது. தரவை அட்சரேகை, தீர்க்கரேகையாகச் சேமியுங்கள். நீளம் கணக்கிடும்போது மட்டும் யுடிஎம்முக்கு மாற்றுங்கள்.

அளவெடுக்கக் கைப்பேசி ஜிபிஎஸ் போதுமா?

போதாது. ஐந்து மீட்டர் தவறினால் குடிநீர்க் குழாயைத் தோண்டுவீர்கள். சில சென்டிமீட்டர் துல்லியம் தரும் டிஜிபிஎஸ் (பிழை திருத்தும் ஜிபிஎஸ்) கருவி வேண்டும்.

ஒப்பந்ததாரர் ஆஸ்-பில்ட் வரைபடம் (உண்மையில் பதித்தபடி வரைந்த படம்) தந்துவிட்டார். அப்படியே ஏற்றிவிடலாமா?

கூடாது. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. கையில் வரும் ஆஸ்-பில்ட் பல, தலைப்பு மட்டும் மாற்றப்பட்ட வடிவமைப்புப் படங்கள்தான். கோடு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடினால் சந்தேகப்படுங்கள். கல்வெர்ட்டையும் மின்கேபிளையும் தாண்டி வந்த குழாய் எங்காவது வளைந்திருக்க வேண்டும்.

ஓர் ஊரில் கசிவைத் தேடிப் போனோம். ‘சுற்றுச்சுவரிலிருந்து 1.2 மீட்டர்’ என்றது படம். சாலை அகலப்படுத்தலில் அந்தச் சுவரே போயிருந்தது. இரண்டு குழிகள் வீண். மூன்றாவதில்தான் மஞ்சள் எச்சரிக்கை விரிப்பு தென்பட்டது. அதுவரை வாயு கசிந்துகொண்டே இருந்தது.

கலிபோர்னியாவின் சான் புரூனோவில் 2010 செப்டம்பர் 9 அன்று குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். 1956-இல் பதித்த அந்தக் குழாயை நிறுவனத்தின் ஜிஐஎஸ் ‘நீளவாக்கில் பற்றவைப்பே இல்லாதது’ என்று காட்டியது. மண்ணுக்குள் இருந்ததோ நீளவாக்கில் பற்றவைத்த குழாய், பற்றவைப்பும் குறைபாடுள்ளது. காகிதத்துப் பிழை கணினிக்குள் ஏறிவிட்டால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

பள்ளம் திறந்திருக்கும்போதே, ஒவ்வொரு வளைவிலும் இணைப்பிலும் உங்கள் ஆள் நின்று அளக்க வேண்டும். டேப்பை வைத்துப் படம் எடுக்க வேண்டும். இந்த அளவு வராமல் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.

எம்டிபிஇ (பிளாஸ்டிக்) குழாயை லோகேட்டர் (மண்ணுக்குள் குழாயைத் தேடும் கருவி) காட்டவில்லை.

பிளாஸ்டிக்கை அது எப்படிக் காட்டும்? குழாயோடு ட்ரேசர் வயர் (லோகேட்டர் கண்டுபிடிக்கும் உலோகக் கம்பி) போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் கையால் சோதனைக் குழி தோண்டுங்கள். தோண்டியதை மண் மூடுவதற்குள் அளந்துவிடுங்கள்.

கசிவு ஏற்பட்டால் எந்த வால்வை மூடுவது என்று ஜிஐஎஸ் தவறாகக் காட்டுகிறது. என்ன செய்ய?

என்ன மென்பொருள், எப்படி வரைந்தீர்கள் என்று ஒரு வரிகூட எழுதாமல் கேட்டால் ஊகிக்கத்தான் முடியும். திரையில் தொடுவதுபோல் தெரியும் கோடுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்னாப் ஆகாத, அதாவது முனைகள் ஒட்டாத இடைவெளி இருக்கும். வால்வு இப்போது திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற விவரமும் தரவில் ஏற வேண்டும்.

பதித்தபோது ஆழம் 1 மீட்டர், இப்போது 1.2 காட்டுகிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டிருப்பார்கள். சாலை மட்டத்திலிருந்து அளந்த ஆழத்தை மட்டும் நம்பாமல், குழாயின் மேல்மட்டத்தைக் கடல் மட்டக் கணக்கிலும் பதியுங்கள். அதையும் பள்ளம் திறந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.