கணினி கேள்வி பதில்: ராம்டிஸ்க் மேல் ஏறிய கேர்னல்

கேள்வி: அண்ணா, யூனிட்டி பிளாசாவில் பழைய 64 பிட் ஏஆர்எம் போர்ட் (ஒற்றைப் பலகைக் கணினி) ஒன்று வாங்கினேன். 1 ஜிபி ராம், அது 40000000 முகவரியில் தொடங்குகிறது. யூ-பூட்டில் (போர்ட் எழும்பும்போது லினக்ஸை ஏற்றிவிடும் பூட்லோடர் நிரல்) முதலில் ராம்டிஸ்க்கை (லினக்ஸ் தொடங்கத் தேவையான கோப்புகளைச் சுருக்கி வைத்த தொகுப்பு) 43000000இலும், பிறகு 27 எம்பி கேர்னலை (லினக்ஸின் மையப் பகுதி) 42000000இலும் ஏற்றுகிறேன். கேர்னல் ஓடத் தொடங்கி, ராம்டிஸ்க்கைப் பிரிக்க முடியவில்லை என்று ஒரு வரி காட்டிவிட்டு பேனிக் ஆகி நின்றுவிடுகிறது. அதே கோப்பு லப்டொப்பில் ஒழுங்காகப் பிரிகிறதே? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: கோப்பில் பிழை இல்லை தம்பி, வைத்த இடத்தில்தான். இரண்டு முகவரியும் பதினறும எண்கள் (16ஐ அடியாகக் கொண்டவை), கழித்துப் பாருங்கள், 1000000 வரும், அது வெறும் 16 எம்பி. அதற்குள் 27 எம்பி கேர்னலை இறக்கினால் மிச்ச 11 எம்பி எங்கே போகும்? ராம்டிஸ்க்கின் தலையில்தான். புறக்கோட்டை நடைபாதையில் ஒருவர் விரித்த கடைக்கு மேலேயே இன்னொருவர் கடை போட்ட கதை. யூ-பூட் இதற்காகச் சண்டைக்கு வராது, சொன்ன இடத்தில் சொன்னதை எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

யூ-பூட்தான் பூட் ஆகும் நேரம் ராம்டிஸ்க்கை ராமின் மேல்பக்கத்துக்கு நகர்த்துமே என்று கேட்பீர்கள். நகர்த்தும், 'இனிட்ஆர்டி_ஹை' (initrd_high) என்ற யூ-பூட் மாறியில் பதினாறு எஃப் போட்டு நீங்களே தடுக்காத வரை. ஆனால் அதற்கு முன்பே தலை போய்விட்டதே, கெட்டதை மேலே தூக்கி வைத்து என்ன பயன்?

ராம்டிஸ்க்கை 48000000க்கு மாற்றுங்கள், 96 எம்பி இடைவெளி கிடைக்கும். டிவைஸ் ட்ரீ கோப்பும் (போர்டில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று கேர்னலுக்குச் சொல்வது) வழியில் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கேர்னல் 27 எம்பி என்பதற்காக 27க்கு ஒட்டி வைக்கவும் வேண்டாம், ஏனென்றால் பிஎஸ்எஸ் என்றொரு பகுதி (தொடக்க மதிப்பு இல்லாத மாறிகளுக்கானது) கோப்பில் இடம் பிடிக்காது, கேர்னல் எழும்பும்போது ராமில் பிடிக்கும், பிடித்த இடத்தை முழுக்கப் பூச்சியமாகத் துடைத்தும் விடும். உண்மையில் எவ்வளவு இடம் வேண்டும் என்பது கேர்னல் இமேஜின் தலைப்பகுதியிலேயே எழுதியிருக்கிறது.

கேள்வி: பூட் கட்டளையில் ராம்டிஸ்க் அளவாக 9437184 கொடுத்தேன், லினக்ஸில் கோப்பின் அளவு அப்படித்தான் காட்டுகிறது. சரியா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: இல்லை. யூ-பூட் அதையும் பதினறும எண்ணாகவே வாசிக்கும், உங்கள் 9 எம்பி 148 எம்பி ஆகிவிடும். நானும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதில்தான் தொலைத்தேன். கோப்பை ஏற்றியவுடன் 'ஃபைல்சைஸ்' மாறியில் சரியான அளவு தானாக விழும், அதைக் கொடுங்கள். அதற்கிடையில் வேறு கோப்பு ஏற்றினால் அதன் அளவு வந்துவிடும், கவனம்.

கேள்வி: டிவைஸ் ட்ரீயில் ராம்டிஸ்க்கின் தொடக்கம், முடிவு என்று இருக்கும் எண்கள் கேர்னல் உள்ளே பார்க்கும் முகவரியோடு ஒத்துவரவில்லையே? (தெமட்டகொடை வாசகர்)

பதில்: ஒத்துவராது. பூட்லோடர் எழுதுவது பௌதிக முகவரி, அதாவது ராமின் உண்மையான முகவரி. கேர்னல் முதலில் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கிவைத்து, பிறகு தன் மெய்நிகர் முகவரியாக (உள்ளே தான் பயன்படுத்தும் முகவரி) மாற்றிக்கொள்கிறது. இன்னொன்று, 'முடிவு' என்பது கடைசி பைட் இல்லை, அதற்கு அடுத்தது. இரண்டையும் கழித்தாலே அளவு வந்துவிடும், ஒன்று கூட்ட வேண்டாம்.