கொசு உள்ளான் கூட்டத்தில் கரண்டிமூக்கு உள்ளானை எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டுமே சேற்றில் மேயும் சின்னக் கரையோரப் பறவைகள். கரண்டிமூக்குக்கு (Spoon-billed Sandpiper) அலகு நுனி கரண்டி மாதிரி அகன்றிருக்கும், கொசு உள்ளானுக்கு (Little Stint) அப்படி இருக்காது. ஆனாலும் முதலில் ஒன்று, கரண்டியைத் தேடாதீர்கள். அது கடைசியாகப் பார்க்க வேண்டிய அடையாளம்.

சேற்றில் மேயும் ஒரு சின்ன உள்ளானின் போட்டோவில் அலகு நுனி தடித்துத் தெரிகிறது, அபூர்வமான கரண்டிமூக்காக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கவாட்டில் எடுத்த படமென்றால் கொசு உள்ளான்தான் என்று முக்கால்வாசி நிச்சயமாகச் சொல்வேன். காரணம் இதுதான். கரண்டிமூக்கின் அலகு நுனி இடவலமாகத்தான் அகலம், மேல்கீழாக அது தட்டை, அதனால் பக்கத்திலிருந்து பார்க்கும்போது சாதாரண கறுப்பு அலகு மாதிரியே இருக்கும், மிஞ்சிப்போனால் நுனி கொஞ்சம் மொண்ணையாகத் தெரியும். ஆனால் கொசு உள்ளானின் அலகில் ஒட்டிய ஈரச்சேறு எந்தப் பக்கம் பார்த்தாலும் உருண்டையாகத் தெரியும். இதில் ஏமாறுபவர்கள் ஏராளம்.

கூட்டத்தைப் பார்க்கும்போது நான் முதலில் கவனிப்பது மேயும் விதம். கொசு உள்ளான் தையல் மிஷின் ஊசிதான்: குத்து, ஓடு, மறுபடி குத்து, ஒரு இடத்தில் நிற்காது. கரண்டிமூக்கு அப்படியில்லை. ஆழமில்லாத தேங்கிய நீரிலோ கூழான சேற்றிலோ தலையைக் கவிழ்த்து, அலகை உள்ளே வைத்தபடியே இடமும் வலமுமாக அளைந்துகொண்டு போகும், சில நேரம் சேற்றை முன்னால் தள்ளிக்கொண்டே நடக்கும், தலையை நிமிர்த்தவே யோசிக்கும். நூற்றுக்கணக்கான பறவைகள் குத்திக்கொண்டிருக்க ஒன்று மட்டும் அளைந்துகொண்டிருந்தால் ஸ்கோப்பை (தொலைநோக்கியை) அதன் மேல் வைத்துவிடுங்கள். அதுவும் எப்போதும் அளைந்துகொண்டே இருக்காது, நடுவில் கொத்தவும் செய்யும், அதனால் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

அப்புறம் முகம். குளிர்காலத்தில் இரண்டும் மேலே சாம்பல், கீழே வெள்ளை. ஆனால் கரண்டிமூக்கின் தலை உடம்புக்குக் கொஞ்சம் பெரியது, நெற்றியும் புருவக்கோடும் நன்றாக வெளுத்திருக்கும், கண்ணுக்குப் பின்னால் ஒரு கருந்திட்டு, மார்பு பளிச்சென்ற வெள்ளை. கொசு உள்ளானுக்கு மார்பின் ஓரங்களில் பெரும்பாலும் மங்கலான அழுக்குக் கறை இருக்கும். காலை வைத்து முடிவு செய்ய முடியாது, இரண்டுக்கும் கறுப்புதான். உருவத்தையும் நம்பாதீர்கள், கொசு உள்ளான் 12 முதல் 14 செ.மீ., கரண்டிமூக்கு 14 முதல் 16 செ.மீ., தூரத்தில் அதெல்லாம் எடுபடாது. இனப்பெருக்கக் காலத்தில் கரண்டிமூக்கின் தலையும் கழுத்தும் செம்பழுப்பாகும், ஆனால் அப்போது சிவப்புக் கழுத்து ஸ்டின்ட் (Red-necked Stint) என்ற இன்னொரு சின்ன உள்ளானும் அதே நிறத்தில் வந்து நின்று குழப்பும்.

எதிர்பார்ப்பையும் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கரண்டிமூக்கு ரஷ்யாவின் வடகிழக்கு ஓரத்தில், சுகோட்கா, கம்சட்கா பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, மஞ்சள் கடல் கரையோரமாக மியான்மரின் மோட்டமா வளைகுடா, வங்கதேசம் போன்ற இடங்களுக்குக் குளிர்காலத்தில் வருகிறது. 2008-லிருந்தே மிகவும் அருகிவிட்ட இனமாக IUCN எனும் உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது, உலகத்திலேயே மிச்சமிருப்பவை சில நூறுதான். கோடியக்கரையில் பழைய பதிவுகள் உண்டு என்பதால் நம்மூர்க் கூட்டங்களைத் துழாவுவது வீண் என்று சொல்லமாட்டேன், ஆனால் சந்தேகம் வந்தால் அது கொசு உள்ளான் என்றே வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. சில கரண்டிமூக்குகளின் காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக எழுத்து பொறித்த நிறக்கொடி மாட்டியிருப்பார்கள், தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத்தான் கரண்டி. பறவை உங்களை நேருக்கு நேர் பார்க்கும்போதோ, குனிந்து மேலிருந்து அலகு தெரியும்போதோ மட்டும் அதைப் பாருங்கள், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். தூங்குகிற பறவையிடம் நேரத்தை வீணாக்க வேண்டாம், அலகை முதுகுச் சிறகுக்குள் செருகியிருக்கும். போட்டோவைவிட வீடியோ மேல், அளைவதும் அதில் பதிவாகிவிடும்.

உங்கள் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்கள் இருந்தால் வரிசையாக ஜூம் செய்து பாருங்கள். சேறு என்றால் நாலைந்து கொத்தலுக்குள் வடிவம் மாறும் அல்லது கழுவிப் போய்விடும், நிஜக் கரண்டி என்றால் கோணம் மாறும்போது மட்டும் அகலமாகவும் ஒல்லியாகவும் மாறி மாறித் தெரியும்.