டிரம்பெட்டும் வேகமும் – கடிதம்

அன்புள்ள சார்,

ஜாஸ் டிரம்பெட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பேண்டு செட்டு வைக்கப்போகிறீர்களா என்று வீட்டில் கிண்டல் செய்கிறார்கள்.

மூன்று சந்தேகங்கள். கிளிஃபோர்ட் பிரவுனைக் கேட்டால் எனக்கே மூச்சு வாங்குகிறது. அதே சூட்டோடு மைல்ஸ் டேவிஸைப் போட்டால், எப்போது ஆரம்பிப்பார் என்று காத்திருக்கும்போதே முடித்துவிடுகிறார். வயலின் கற்ற நண்பர் ஒருவர், “மைல்ஸுக்கு வேகமாக வாசிக்க வராது, வராததை ஸ்டைல் என்று விற்றுவிட்டார்” என்கிறார். உண்மையா? இரண்டாவது, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1928 ரெக்கார்டு ஒரே கரகரப்பு. சரித்திர மரியாதைக்காகத்தான் அதைப் புகழ்கிறோமா? மூன்றாவது, இவர்களில் நம்பர் ஒன் யார்?

ச., திருச்சி

*

அன்புள்ள ச.,

மூன்றாவது கேள்வியை விட்டுவிடுகிறேன். யூடியூபில் அதற்கென்றே ஒரு கூட்டம் ராப்பகலாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது, அவர்கள் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். உருப்படியான கேள்வி முதலாவதுதான்.

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. 1945 நவம்பர் 26 அன்று சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் ‘சவாய்’ ரெக்கார்டு நிறுவனத்துக்காக ‘கோ-கோ’ என்ற ட்யூனைப் பதிவு செய்தபோது குழுவின் டிரம்பெட்காரர் மைல்ஸ். வயது 19. அந்த வேகத்துக்கு அவர் தயாராக இல்லை. அதே பதிவில் பியானோவும் வாசித்த மூத்த டிரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லஸ்பிதான் டிரம்பெட்டை எடுத்து அந்த ட்யூனைக் கரைசேர்த்தார். பிற்பாடு மைல்ஸ் இதையெல்லாம் மூடி மறைக்கவும் இல்லை. உங்களைப் போல உச்ச ஸ்தாயியில் ஏன் என்னால் வாசிக்க முடியவில்லை என்று டிஸ்ஸியிடமே கேட்டிருக்கிறார். உன் காதில் சங்கீதம் ஓடுவது நடு ஸ்தாயியில், மேலே உனக்கு எதுவும் கேட்பதில்லை, அதுதான் காரணம் என்றாராம் டிஸ்ஸி.

சீடனைத் தேற்றுவதற்காகச் சொன்னது மாதிரி இருக்கும். ஆனால் டிரம்பெட்டில் இது அப்பட்டமான தொழில்நுட்ப உண்மை. வாத்தியத்தில் இருப்பது மூன்றே வால்வு. அவற்றை எப்படி மாற்றி மாற்றி அழுத்தினாலும் குழாயின் நீளம் ஏழு விதமாகத்தான் மாறும். மிச்ச ஸ்வரங்கள் எல்லாம் உதட்டின் இறுக்கத்திலும் மூச்சின் விசையிலும் பிறக்க வேண்டும். பியானோவில் கட்டையை யார் தொட்டாலும் அந்த ஸ்வரம் வந்துவிடும். இங்கே ஒரே விரலமைப்பில் பல ஸ்வரங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. எது வேண்டும் என்று மனசுக்குள் முன்கூட்டியே கேட்காதவனுக்குப் பக்கத்து வீட்டு ஸ்வரம்தான் வந்து நிற்கும்.

அதற்கு உடம்பு கொடுக்கும் விலையும் உண்டு. 1930களில் ஆம்ஸ்ட்ராங்கின் உதடு கிழிந்து தழும்பேறி, கொஞ்ச காலம் வாசிப்பையே நிறுத்த வேண்டிவந்தது. உதட்டைச் சுற்றியுள்ள தசை கிழிவதற்கு மருத்துவர்கள் அவருடைய செல்லப்பெயரை வைத்து ‘சாட்ச்மோ சிண்ட்ரோம்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். இன்னொரு டிரம்பெட்காரரான ஃப்ரெடி ஹப்பர்டும் 1992இல் மேலுதடு கிழிந்த பிறகு பழைய ஹப்பர்டாகத் திரும்பவில்லை.

மைல்ஸுக்கு வருவோம். 1959 மார்ச் 2, நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆவது தெரு ஸ்டூடியோ. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தின் முதல் நாள் பதிவு. அதிலுள்ள ‘சோ வாட்’டைப் போட்டு, பியானோவும் பாஸும் சேர்ந்து ட்யூனைச் சொல்லி முடிக்கும் இடத்துக்குக் காத்திருங்கள். மைல்ஸ் நுழையும் கணத்தில் டிரம்ஸ்காரர் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு அறை விடுகிறார். ரொம்பப் பலமாக அடித்துவிட்டோமோ என்று அவருக்கே அப்போது தோன்றியதாம். அந்த ஒலி அலையலையாகத் தேய்ந்துகொண்டிருக்க, அதன் மேலேயே மைல்ஸ் அவசரமில்லாமல் பேச ஆரம்பிக்கிறார். பார்க்கர் காலத்து ட்யூன்களில் கோர்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், சரசரவென்று மாறும். துரத்திப் பிடிப்பதே பெரிய வித்தை, துரத்துகிற பரபரப்பில் சரக்கில்லாத வாசிப்பும் எடுபட்டுவிடும். ‘சோ வாட்’டில் அந்த வசதி கிடையாது. 16 பார் (பார் என்பது இங்கே நாலு எண்ணிக்கை கொண்ட தாள அளவு) ஒரே ஸ்கேல், அதாவது ஒரே ஸ்வர வரிசை, அடுத்த 8 பார் அரை ஸ்வரம் மேலே, பிறகு 8 பார் பழைய இடம். அவ்வளவுதான். ஒவ்வொரு ஸ்வரமும் தன் காலிலேயே நின்றாக வேண்டும். வராததை மறைக்கப் பார்ப்பவர் இந்த மாதிரி வெட்டவெளியில் வந்து நிற்கமாட்டார் என்பது உங்கள் நண்பருக்கு என் பதில்.

ஆனால் இதைப் படித்துவிட்டு எதிர்க்கோஷ்டியில் சேர்ந்துவிடாதீர்கள். குறைவாக வாசித்தால் ஆழம், வேகமாக வாசித்தால் சர்க்கஸ் என்று நம்புகிற கோஷ்டி ஒன்று உண்டு. மைல்ஸ் ‘மௌனத்தை வாசித்தார்’ என்ற வாக்கியத்தை இனி யாராவது எழுதினால் அபராதம் போடலாம் என்றிருக்கிறேன். அந்தக் கோஷ்டியின் வாயை அடைக்கக் கிளிஃபோர்ட் பிரவுன் ஒருவர் போதும். 1955இல் டிரம்ஸ்காரர் மேக்ஸ் ரோச்சுடன் பதிவு செய்த ‘செரோக்கி’யை எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூனின் நடுப்பகுதியில் ஸ்ருதி படிப்படியாக இடம் மாறி இறங்கும். அந்த வேகத்தில் பல பேர் அங்கே கைக்குப் பழகிய பிடிகளைக் கொட்டித் தப்பித்துவிடுவார்கள். பிரவுனுக்கு அதுவும் சமதளம்தான். ஒவ்வொரு ஸ்வரமும் நாக்கால் தனித்தனியாகத் தொடப்பட்டு, உருண்டு திரண்டு வருகிறது. எதுவும் விழுங்கப்படவில்லை. மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு. அவருடைய சத்தத்தில் ஒரு திணறல் கூட இல்லை என்பதைத்தான் கவனிக்க வேண்டும். நம்பிக்கை வராவிட்டால் அதே ஆண்டு வயலின்களோடு அவர் வாசித்த மெதுவான பாட்டுகளைக் கேளுங்கள். வேகத்தில் கேட்ட அதே தடித்த, சூடான நாதம் அங்கேயும் இருக்கும்.

போதை, குடி எதுவும் அவரிடம் கிடையாது. கணக்கிலும் சதுரங்கத்திலும் ஆசையுள்ள சாதுவான மனிதர். அந்தக் காலத்து ஜாஸ் உலகில் இது கிட்டத்தட்ட விநோதம். 1956 ஜூன் 26 இரவு, மழையில், பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் விபத்து. வண்டியில் இருந்த பியானோ கலைஞர் ரிச்சி பவலும் அவர் மனைவியும் கூடவே இறந்தார்கள். பிரவுனுக்கு வயது 25. இதைக் காவியச் சாவாக்கிச் சிலாகிப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த மனிதர் அப்போதுதான் சூடு பிடித்திருந்தார்.

இனி கரகரப்பு. நீங்கள் சொல்வது ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ என்று நினைக்கிறேன், 1928 ஜூன் 28, சிகாகோ. மரியாதையெல்லாம் கொடுக்க வேண்டாம், இரண்டு இடங்களை மட்டும் கேளுங்கள். ஒன்று, தொடக்கம். யாரும் துணைக்கு இல்லாமல் டிரம்பெட் தனியாக வருகிறது. தாளம் போட ஆளில்லை, ஆனாலும் முதல் நாலு ஸ்வரத்திலேயே உங்கள் கால் ஆடிவிடும். பிறகு சரேலென்று மேலே ஏறி, வளைந்து நெளிந்து இறங்கி, மற்றவர்கள் சேர்ந்துகொள்ளும் இடத்தில் கொண்டுவந்து விடுகிறது. முழுசாகக் கால் நிமிஷம் கூட இல்லை. இரண்டாவது, கடைசிச் சுற்று. நடுவில் டிராம்போன், கிளாரினெட்டுக்குப் பதில் சொல்லும் ஆம்ஸ்ட்ராங்கின் வார்த்தையில்லாக் குரல், ஏர்ல் ஹைன்ஸின் பியானோ எல்லாம் வந்துபோன பிறகு டிரம்பெட் திரும்புகிறது. ஒரே ஒரு உயர்ந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட நாலு பார் விடுவதில்லை. மொத்தச் சுற்றே 12 பார் என்பதை நினைவில் வையுங்கள். மூன்றில் ஒரு பங்கை ஒற்றை ஸ்வரத்துக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த நொடியில் அவ்வளவு நேரம் அடக்கி வைத்ததையெல்லாம் பொழிந்து தள்ளுகிறார். குறைவும் வேகமும் ஒரே ஆளிடம், ஒரே சுற்றுக்குள், மைல்ஸும் பிரவுனும் பிறந்து நடை பழகுவதற்கு முன்னாலேயே. (சரியாகச் சொன்னால் மைல்ஸுக்கு அப்போது இரண்டு வயது, நடந்திருப்பார். பிரவுன் பிறக்கவில்லை.)

அடுத்து எதைக் கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பிரவுனின் நினைவாக சாக்ஸபோன் கலைஞர் பென்னி கோல்சன் ‘ஐ ரிமெம்பர் கிளிஃபோர்ட்’ என்று ஒரு ட்யூன் எழுதினார். 1957 மார்ச்சில் டிரம்பெட்காரர் லீ மார்கன் அதைப் பதிவு செய்தார். பிலடெல்பியாப் பையன், பிரவுனிடம் பாடம் கேட்டவன், வயது 18. பிரவுனின் சாயல் அதில் தாராளமாக இருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெயின்’ பதிவில் வாசிக்கும்போது அந்தச் சாயலை உதறிவிட்டுத் திமிராக வந்து நிற்கிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். வயலின் நண்பரையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆசை.