திருமங்கலம் நண்பருக்கு: அந்த வைஸை ஆசிட்டில் போடாதீர்கள்

அப்பாவின் பட்டறை வைஸ் (பொருளைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடிப்பான்) துருப்பிடித்து இறுகிக்கிடக்கிறது, பக்கவாட்டில் ஆர், ஈ, சி என்ற ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரிகின்றன, ஆசிட்டில் ஊறவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். துருவோடு நல்ல இரும்பையும் அது தின்றுவிடும்.

முதலில் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். மேடாக வார்த்த எழுத்துகள் வெள்ளையாக எழும்பும். ‘ரெக்கார்ட்’ என்று வந்தால், அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து சி அண்ட் ஜே ஹாம்ப்டன் நிறுவனத்தின் தயாரிப்பு, பொக்கிஷம்தான். கூடவே இருக்கும் எண் மாடலைச் சொல்லும், ஆண்டை அல்ல. அமெரிக்க வில்டன் நிறுவனத்தின் பழைய வைஸ்களில் உத்தரவாதம் முடியும் தேதி குத்தியிருக்கும், அதில் 5 ஆண்டைக் கழித்தால் தயாரித்த ஆண்டு கிடைக்கும். ரெக்கார்டில் அந்த வசதி இல்லை.

கைப்பிடியில் பைப் மாட்டித் திருகவே கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். மரையில் டீசல் ஊற்றிச் சில நாள் விட்டு, முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள்.

கழற்றியதும் விரிசல் பாருங்கள். மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் சற்று நேரத்தில் பொடியில் மெல்லிய ஈரக்கோடு ஊறி வரும். இதைத் தவறவிடாதீர்கள்.

துருவை மின்சாரத்தால் நீக்க பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர், சலவை சோடா, பேட்டரி சார்ஜர் போதும். சோடா கரைத்த நீரில் மூழ்கவைத்து, சார்ஜரின் நெகட்டிவ் வைஸுக்கு, பாசிட்டிவ் பழைய இரும்புத் தகட்டுக்கு. எவர்சில்வர் தகடு கூடவே கூடாது, நச்சுக் குரோமியம் நீரில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்தவெளியில் வையுங்கள்.

பொருளைக் கவ்வும் தாடைத் தகடு தேய்ந்திருந்தால் கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் மில்லிங் (இரும்பைச் செதுக்கும்) பட்டறையில் கேளுங்கள். பழைய தகட்டையும் திருகாணியையும் மாதிரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.