வலப்பக்கமாகச் சைக்கிள் ஓடினால் பாதுகாப்பா?

யாழ்ப்பாணம் நீர்வேலியிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகள் சாதாரண தரம் படிக்கிறாள். கோப்பாயில் ரியூசன் முடிந்து ஆறரைக்குப் பிறகு பருத்தித்துறை வீதியால் சைக்கிளில் வருகிறாள். வலப்பக்கமாக வந்தால் எதிரே வருகிற வாகனம் கண்ணுக்குத் தெரியும், பின்னால் வந்து ஒருவரும் அடிக்க மாட்டார்கள் என்கிறார் அவளுடைய அப்பா. அப்படி வரலாமா, ஐயா?"

வேண்டாம் அம்மா, இடப்பக்கமாகவே வரட்டும்.

ஆனால் அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1977இல் குரொஸ், பிஷர் என்ற இருவர் சைக்கிள்-மோட்டார் வாகன விபத்துகளை வகைபிரித்துப் பார்த்தார்கள். பின்னால் வந்த வாகனம் அடித்தவை, காயத்தோடு தப்பிய விபத்துகளில் பத்தில் ஒரு பங்குதான். உயிர் போனவற்றிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அந்த மரணங்களில் பெரும்பாலானவற்றில் ஓட்டுநர் சைக்கிளைக் காணவே இல்லை. அதுவும் அதிகம் இரவில், கிராமப்புற வீதிகளில். பக்கம் மாறுவதால் இது தீராது. சைக்கிள் கண்ணில் பட வேண்டும்.

வலப்பக்கம் ஏன் மோசம் என்று கணக்குப் பாருங்கள். மகள் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறாள், வாகனம் 60இல் வருகிறது. ஒரே திசை என்றால் நெருங்கும் வேகம் 45. எதிரெதிர் என்றால் 75. அதைவிட ஆபத்து ஒழுங்கை வாசல். ஒழுங்கையால் வந்து இடப்பக்கம் திரும்புகிற மோட்டார் சைக்கிள்காரர் தன் வலப்பக்கத்தைத்தான் பார்ப்பார், வாகனம் அங்கிருந்துதான் வரும். பிழையான பக்கத்தில் வருகிற பிள்ளை அவருடைய இடப்பக்கத்தில் நிற்கும். மதிலும் வேலியும் வீதி வரை வந்து நிற்கிற எங்கள் ஊரில் பிறேக் பிடிக்க நேரம் ஏது?

90களில் பெற்றோல் தடை இருந்தபோது குடாநாடே சைக்கிளில் ஓடியது. அப்போது எந்தப் பக்கத்தால் போனாலும் சமாளிக்கலாம். அந்தப் பழக்கத்தை, வாகனங்கள் வேகமாக ஓடுகிற இந்தக் காப்பெற் வீதிக்குக் கொண்டுவரக் கூடாது.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். 60இல் வருகிற வாகனம் செக்கனுக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆள் கண்டு, பிறேக் பிடித்து, நிற்க ஏறக்குறைய 45 மீட்டர் வேண்டும். டிம் லைற்றில் இருண்ட உடுப்பு 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான் பலருக்குத் தெரியும். ஆகவே பின்பக்கம் சிவப்பு லைற் கட்டாயம். டைனமோவை மட்டும் நம்ப வேண்டாம், சைக்கிள் நின்றதும் அதுவும் அணைந்துவிடும். வீதிக் கரையில் கடக்கக் காத்து நிற்கும்போதும் வெளிச்சம் தேவை. பற்றரியில் எரிகிற சின்ன லைற் போதும். மட்காட்டில் இருக்கிற சிவப்பு றிப்ளெக்ரரைக் கரியரில் தொங்கும் புத்தகப் பை மறைக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் மறைக்கும்.

இன்னொன்று, பலர் யோசிக்காதது: காப்பெற்றின் விளிம்பு. தார் மேல் தார் போட்டு, வீதி கரையைவிட உயர்ந்துவிட்டது. பஸ் ஹோர்ன் அடித்ததும் பிள்ளை பதறிக் கிறவலில் இறங்கும். பிறகு ஓடிக்கொண்டே சரிவாக ஏறப் பார்க்கும். முன் சில்லு விளிம்பில் உரசி, வீதிப் பக்கமாகவே விழுத்தும். விளிம்போடு ஒட்டி ஓடாமல் மூன்று அடி உள்ளே நேராக ஓடச் சொல்லுங்கள். இறங்கிவிட்டால் நின்று, சைக்கிளைத் தூக்கி வைத்துத்தான் ஏற வேண்டும்.

வீடு வலப்பக்க ஒழுங்கையில் என்றால், ஓடுகிற ஓட்டத்தில் வெட்டித் திருப்பக் கூடாது. இடக்கரையில் நிறுத்தி, இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து உருட்டிக்கொண்டு கடக்கட்டும். மாரியில் இரும்பு றிம் நனைந்தால் பிறேக் சரியாகப் பிடிக்காது; அந்த நாட்களில் ரியூசனுக்கு யாராவது கூட்டிப் போவது நல்லது. ஹெல்மெட் வாங்க முடிந்தால் வாங்குங்கள், விழும்போது தலையைக் காக்கும்.

இன்றிரவே அப்பாவிடம் ஒரு வேலை கொடுங்கள். மகள் சைக்கிளோடு வீதிக் கரையில் நிற்கட்டும். அவர் 100 மீட்டர் பின்னால் போய், மோட்டார் சைக்கிளை டிம் லைற்றில் வைத்துப் பார்க்கட்டும். மகள் தெரியாவிட்டால், நாளைக்குக் கடைக்குப் போய் லைற் வாங்கி வருபவர் அவராகத்தான் இருப்பார்.